சின்னவள் பெயர் ஏறிய நாள்

நீலப் பூப் போட்ட வெள்ளைக் கோப்பை அது. அடியில் அதே பூப் போட்ட சின்னத் தட்டு. எங்கள் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குக் கோப்பையில் டீ, நின்றபடி வேலை பார்ப்பவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ. யாரும் போட்ட சட்டம் இல்லை, நான் சேர்ந்த காலத்திலிருந்து அப்படித்தான். ஒரு நாள் காலையில் மானேஜர் பேன்ட்ரிக்குள் தலையை நீட்டி, "ஆயா, இன்னைலேந்து உங்க ஓர்ப்படிக்கும் கப்புல குடுங்க. வர்றவங்க பாக்குறாங்க இல்ல" என்றார். அந்தக் கோப்பையை ஏந்திக்கொண்டு பேன்ட்ரியிலிருந்து முன்வாசல் மேசை வரைக்கும் நான் நடந்தேனே ஒரு நடை, அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவள்கூட அதைவிட நிம்மதியாக நடந்திருப்பாள். கோப்பையை வைத்தேன். அவள் அதன் காதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா, நாளைலேந்து எனக்கு சக்கர கம்மியா போடு" என்றாள்.

அவள் என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. நூம்பலில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குப் பெரியவள் என்று பெயர், அவளுக்குச் சின்னவள். மாமியார் அப்படிக் கூப்பிட்டார். மாமியார் போன பிறகு தெருவே அப்படிக் கூப்பிட்டது. எங்கள் ஆண்கள் செம்பரம்பாக்கம் பக்கம் கூலிக்குக் களை பறித்தவர்கள். அந்த நிலமெல்லாம் குடோன் ஆன பிறகு அதே இடத்தில் மூட்டை தூக்கினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு முதலில் வேலைக்கு வந்தவள் நான். இதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதால்தான் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் மறந்துவிட்டார்கள். ரப்பர் வாஷர் செய்கிற சின்னக் கம்பெனி. கீழே மிஷின்கள், மேலே ஆபீஸ். மேலே கூட்டிப் பெருக்குவது, துடைப்பது, டீ போடுவது என் வேலை. வீட்டில் கஷ்டம் என்று சின்னவள் மூக்கைச் சிந்தியபோது அவளை நான்தான் கூட்டிவந்து, காண்டிராக்ட்காரரிடம் சொல்லி, என் துடைப்பத்தில் பாதியைக் கொடுத்தேன்.

அவள் எட்டாவது படித்தவள். நான் மூன்றாவதோடு நின்றவள், அதுவும் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சோறு போட்டதால் மூன்றாவது வரை போனேன். முன்வாசல் மேசையில் உட்கார்ந்திருந்த ரிசப்ஷன் பெண் பிரசவத்துக்குப் போனபோது, வருகிறவர்களின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றி கேட் பாஸ் அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. சின்னவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும் என்று மானேஜருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. நிச்சயமாக நான் இல்லை. தற்காலிகமாக உட்காரச் சொன்னார். அந்தப் பெண் திரும்பி வரவேயில்லை. அந்தத் தற்காலிகத்துக்கும் வயதாகி, காதோரம் நரையும் விழுந்துவிட்டது.

தினம் காலையில் அவள் செய்கிற சடங்கைப் பார்க்க வேண்டுமே. வந்ததும் முந்தானையால் நாற்காலியைத் துடைப்பாள், நான் துடைத்து வைத்த நாற்காலியை. உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஒரு பெயரை அடிப்பாள். அப்புறம் கழுத்தைத் திருப்பி யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு நோட்டம். பார்ப்பது நான் ஒருத்திதான், எனக்கோ இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது, இருந்தும் இடது கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டு போடுவாள். டிங் என்று ஒரு சத்தம், திரையில் ஒரு வரி வரும். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"இன்னாடி சொல்லுது அது?"

"வாங்கன்னு சொல்லுதுக்கா. பேர் போட்டு வாங்கன்னு சொல்லுது."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பேர் போட்டு வாங்க என்று சொல்கிறதாம். என்னை அப்படி யார் கூப்பிட்டிருக்கிறார்கள்? பெற்ற பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இன்னா குழம்பு என்று கேட்பான். வீட்டுக்காரர் இருமுவார், அதற்கு நான் போக வேண்டும். ஆபீசில் ஆயா. ஒரு மிஷின்கூட ஒருத்தியைப் பெயர் சொல்லி வரவேற்கிறது, அவளை ஆபீசுக்குக் கூட்டிவந்தவளோ கையில் மாப்புத் துணியோடு நிற்கிறாள். வயிற்றில் எரிந்த எரிச்சலுக்கு ஒரு வாரம் மோர் குடித்தேன்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு திரும்பும்போதும் விடமாட்டாள். "இன்னிக்கி என் சிஸ்டம் ரொம்ப ஸ்லோக்கா" என்பாள். "என் ஸ்டவ்வும் ஸ்லோதான்டி, யார் கேக்குறா" என்பேன் நான். ஆட்டோவில் எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அதுதான் எனக்குப் பிடிக்காது. திட்டினால்கூடத் தேவலை. சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனோம். அவளைப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல வேலையாமே" என்று நாற்காலி போட்டார்கள். என்னைப் பார்த்து, "நீயும் அங்கதான் கூட்டிகினு கீறியா?" என்று கேட்டார்கள். 'நீயும்' என்ற சொல்லை அன்றைக்கு இலையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்படி நான் வெந்துகொண்டிருந்த காலத்தில்தான் சிஸ்டம்ஸ் சார் வந்தார். பேன்ட்ரிக்கு அடுத்தாற்போல் ஒரு குட்டி அறை, அதில் ராத்திரி பகல் ஏசி ஓடும். உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். அதைச் சர்வர் என்பார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பூசிய சந்தனம் அதன் நெற்றியில் ஏடு ஏடாகக் காய்ந்திருந்தது. அதற்கு வயதாகிவிட்டது, புதுசு வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும் என்று அவரை அழைத்திருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அயனம்பாக்கம் ஏரிக்கரையோரம் பிளாட்டில் குடி. மற்றவர்களுக்கு நான் ஆயா, அவருக்கு மட்டும் ஆச்சி. டீ நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொன்ன முதல் ஆள் என்பதால் அவருக்கு இரண்டாவது டீ கேட்காமலேயே போகும்.

புதுப்பெட்டியைப் பழசின் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஒயரைச் சொருகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பழசு புதுசுக்குச் சொல்லிக் குடுக்கு ஆச்சி. இந்த ஆபீசுல யாரு யாரு இருக்காங்க, யாரு எந்தக் கணக்கப் பாக்கலாம், யாரு எந்த பிரிண்டர்ல அடிக்கலாம், அம்புட்டும் இதுக்குத்தான் தெரியும். காலைல பேரச் சொன்னா, ஆமா, நம்ம ஆளுதான்னு உள்ள விடுததே இதுதான். மொத்தத்தையும் சேத்து டொமைன்னு சொல்லுவோம். ஒரே கூரைக்குள்ள இருக்க குடும்பம் மாதிரி. இது நின்னு போறதுக்குள்ள புதுசுகிட்ட எல்லாப் பேரையும் ஒப்படைச்சிரணும்லா."

"இதுல என் பேரும் கீதுங்களா சார்?"

"நீங்க கம்ப்யூட்டர் தொடுதியளா ஆச்சி?"

"தெனிக்கும் தொட்றேன். ஈரத்துணி வெச்சி."

அவர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் சிந்தியது. "அதுக்குப் பேரு வேண்டாம் ஆச்சி" என்றார். நானும் கூடவே சிரித்தேன். என் ஜோக்குக்கு நான் சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது. ஆனால் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தபோது நினைத்துக்கொண்டேன்: தூசு தட்டி, ஒட்டடை அடித்து, சந்தனம் பூசி, இத்தனை வருஷம் அந்தப் பெட்டியைக் கவனித்தவள் நான். அதற்கு என்னைத் தெரியாது. சின்னவளைத் தெரியும். இப்போது புதுசுக்கும் அவளைத்தான் தெரியப்போகிறது. பெட்டி மாறினாலும் என் ஜாதகம் மாறவில்லை.

வீடு மாற்றும்போது பழைய சாமான்களைக் கழிப்பதில்லையா, அதேபோல் சிஸ்டம்ஸ் சாரும் மானேஜரிடம் கேட்டார்: வேலையை விட்டுப் போனவர்கள் யார் யார், அவர்கள் பெயரைப் புதுசில் மூடிவிடுகிறேன். வாஷர் வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து சோதனை போடுவார்களாம், போனவன் பெயர் உள்ளே இருந்தால் குற்றமாம். மானேஜர் யோசித்து யோசித்துச் சொன்னார். இவர் துபாய் போய்விட்டார், அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், இவர் சண்டை போட்டுக்கொண்டு போனார். ஒன்றும் பொய் இல்லை, எல்லாம் சத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்து மாற்றினார்கள். எங்கள் முதலாளி நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். புது சர்வருக்கு மாலை போட்டார், சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தார். சிஸ்டம்ஸ் சார் காற்றுப் போகிற ஓட்டைகளை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "சார், இந்தப் பக்கம் மட்டும் வேண்டாம் சார்" என்று கெஞ்சினார். பூசணிக்காய் உடைத்தோம். உடைத்தது அவர்கள், கூட்டி அள்ளியது நானும் சின்னவளும். பழைய சர்வரை அணைத்தபோது அந்த உறுமல் நின்றது. ஆபீசே திடீரென்று காது கேட்காதவர் போல ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் முதலில் கத்தியது ஸ்டோர்ஸ். உள்ளே போக முடியவில்லை. அப்புறம் டெஸ்பாட்ச், அப்புறம் பர்சேஸ். கீழே லாரி நிற்கிறது, மேலே பில் அடிக்க முடியவில்லை. சிஸ்டம்ஸ் சார் ஒவ்வொரு மேசையாக ஓடினார். போய்ப் பார்த்தால், டெஸ்பாட்ச் பையன் துபாய் போனவர் பெயரில் உட்கார்ந்திருக்கிறான். ஸ்டோர்ஸ்காரர் ரிட்டயர் ஆனவர் பெயரில் இருக்கிறார். எங்கள் ஆபீஸ் வழக்கம் அப்படி. புதிதாக ஒருவர் வந்தால் தனிப் பெயர் கேட்டு யார் அலைவது, போனவர் பெயரில் எல்லாக் கதவும் திறக்கிறதே, அதிலேயே உட்கார் என்று மானேஜர் சொல்லிவிடுவார். அது அத்தனை பேருக்கும் அவ்வளவு பழகிப்போனதால், கேட்டபோது யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. போனவர்கள் போய்விட்டார்கள்தான். அவர்கள் பெயருக்குள் குடியிருந்தவர்களைத்தான் யாரும் எண்ணவில்லை.

டீத் தட்டோடு நான் முன்வாசல் பக்கம் வந்தபோது சிஸ்டம்ஸ் சார் சின்னவள் மேசையில் நின்றிருந்தார். அவள் தேடித் தேடி அடித்தாள். திரை சிவப்பாக ஏதோ சொன்னது. அவர் குனிந்து அந்தப் பெயரைப் படித்தார்.

"இது நீங்களாம்மா? இவங்க வேலைய விட்டுப் போயிட்டதால்லா சொன்னாங்க."

"ஆமா சார், போய்ட்டாங்க. கொழந்த பொறந்துச்சு. ரெண்டாவதும் பொறந்துச்சாம்" என்றாள் சின்னவள், தலையைக் குனிந்துகொண்டு. "அந்தப் பேர்லதான் நான் கீறேன்."

அப்படியானால் அத்தனை வருஷமும் டிங் என்று மணியடித்து வாங்க வாங்க என்று அந்தப் பெட்டி கூப்பிட்டது இவளை இல்லை. எங்கோ பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிற இன்னொருத்தியை. பேர் போட்டு வாங்கன்னு சொல்லுது என்று இவள் சொன்னாளே, யார் பெயர் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பேன்ட்ரி வரைக்கும்கூட நிற்கவில்லை. அப்படியென்றால் நான் குடித்த மோருக்கெல்லாம் என்ன கணக்கு? இல்லாத ஒன்றுக்காக இத்தனை வருஷம் வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டேனே என்று அதற்கும் அவள் மேல்தான் கோபம் வந்தது.

மற்றவர்களுக்கெல்லாம் மத்தியானத்துக்குள் அவரவர் சொந்தப் பெயர் ஏறிவிட்டது. லாரியும் கிளம்பிவிட்டது. சின்னவளுக்கு மட்டும் ஏறவில்லை. சிஸ்டம்ஸ் சார், கம்பெனி ஆள் என்று இருந்தால்தான் பெயர் போட முடியும் என்றார். அவளோ என்னைப்போல் காண்டிராக்ட் ஆள். மானேஜர் தாடையைச் சொறிந்துகொண்டு, "கேட்லயே செக்யூரிட்டி பேர் எழுதிக்கட்டும். நீங்க பழையபடி உங்க ஓர்ப்படி கூடவே இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முடிந்தது. அவளுடைய நாற்காலி போனது.

அவள் பேன்ட்ரிக்குள் வந்தாள். அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளரை அவளே எடுத்து, டீயை ஊற்றி, நின்றபடி குடித்தாள். நான் ஆசைப்பட்டது அதுதானே. பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு ருசியாக இல்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சும்மா இருக்காமல் என் சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"இத இன்னாத்துக்குக்கா கீழ வெச்சிகினு கீற? மேல வெச்சா கைக்கு எட்டும் இல்ல?"

டப்பாவை மேலே வைத்தாள். டீத்தூளை இந்தப் பக்கம் தள்ளினாள். என் அடுப்புத் துணியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் நாற்காலியை இழந்துவிட்டாள் என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்கிறேன், இவளோ என் ராஜ்ஜியத்துக்குள் குடியேறிக்கொண்டிருக்கிறாள். ஒரு மாதத்தில் சிஸ்டம்ஸ் சாருக்கு இரண்டாவது டீ இவள் கையால் போகும். எட்டாவது படித்தவள் போடுகிற டீ என்று அதற்கும் ஒரு மரியாதை வரும். காதுகுத்துக்குப் போனால், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கூட்டிகினு கீறீங்களா என்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று. நூம்பலில், இவளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் பெரியவள்தான், நாற்காலியைப் பிடுங்கியதும் பெரியவள்தான் என்று பேசுவார்கள். செய்யாத வேலைக்குப் பெயர் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

முதலாளிக்கு மூன்று மணி டீயை எடுத்துக்கொண்டு போனேன். வைத்துவிட்டு நகரவில்லை.

"இன்னா ஆயா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. சின்னவள டீ போட அனுப்பிட்டாங்க. எனக்கும் முட்டி வலி, ஒத்தாசதான். நாளைலேந்து உங்க டீய அவளே போடுவா. அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

அவர் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். சின்னவள் போட்ட டீயை ஒரே ஒரு முறை குடித்தவர் அவர். எனக்குக் காய்ச்சல் வந்த நாள் அது. அன்றைக்கு வந்திருந்த பார்ட்டி இரண்டு வாய் குடித்துவிட்டு, இது சித்த வைத்தியமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அந்தப் பொண்ணு முன்னாடி நல்லாத்தானே உக்காந்துகினு இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்தா. கம்பெனி ஆளு இல்லன்னு புதுப்பெட்டி சேக்க மாட்டேங்குதாம். நீங்க பூஜ போட்டு வெச்ச பெட்டி. மொத நாளே ஒரு பொம்பளய அழ வெச்சி வெளிய தள்ளிச்சுன்னா நல்லாவா கீதுன்னு எனக்கே மனசு கேக்கல."

நான் சொன்னதில் எது அவரைக் குத்தியதோ, டீயா, பூஜையா, எனக்குத் தெரியாது. மானேஜரைக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது, நான் வெளியே மெதுவாகத் தரையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். மானேஜர் வெளியே வரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. அவளைக் கம்பெனி ஆளாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., கழுத்தில் தொங்குகிற அட்டை எல்லாம் உண்டு. நான் கேட்டது அவளைப் பேன்ட்ரியை விட்டு வெளியே போடச் சொல்லித்தான். இவ்வளவு தூரம் போடச் சொல்லவில்லை.

சிஸ்டம்ஸ் சார் மறுபடியும் அவள் மேசைக்கு வந்தார். பெயர் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், உடனே வரவில்லை. சின்னவள் என்று சொல்ல வந்து விழுங்கினாள் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னாள், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. அவர் அடித்தார். "தமிழ்லயே போட்டிருக்கேன். ஆச்சியும் வாசிக்கட்டும்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

டிங் என்றது. திரையில் பெரிதாக வந்தது. மூன்றாவது வரை படித்ததை அதுவரை நான் எதற்கும் பயன்படுத்தியதில்லை. எழுத்துக் கூட்டி, உதடு அசைய, முழுதாகப் படித்துத் தொலைத்தேன். அவளுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதை அவள் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறேன். நல்ல பெயர். அவள் முந்தானையை எடுத்து, நாற்காலியை இல்லை, அந்தத் திரையை ஒரு தடவை துடைத்தாள். அதுவரை என் வயிறு எரிந்தது வெறும் ஒத்திகை. நிஜமாக எரிந்தது அன்றைக்குத்தான். இந்த முறை கூப்பிட்டது அவளையேதான், அதற்கு வழி பண்ணியது நானேதான்.

இப்போது முட்டி ஒத்துழைக்காமல் நான் வேலையை விட்டுவிட்டேன்; அன்று கூட்டிப் படித்த அந்த எழுத்தை வைத்துத்தான் நோட்டில் இதை எழுதுகிறேன். அவள் போய்க்கொண்டிருக்கிறாள். காலையில் அட்டையை மாட்டிக்கொண்டு என் வாசலைத் தாண்டும்போது, "சாப்டியாக்கா?" என்று ஒரு குரல் கொடுப்பாள். "பெட்டி வாங்க வாங்கன்னு கூவுது, ஓடு" என்பேன். சிரித்துக்கொண்டே ஓடுவாள். போன வாரம் நின்று கேட்டாள், "என்னப் பத்தி எழுதிகினு கீறியாமே. பேரப் போடுவியாக்கா?"

"போடறேன், போடறேன்" என்றேன்.

முதலிலிருந்து திருப்பிப் பாருங்கள், எங்கேயாவது இருக்கிறதா என்று. அவள் பெயர் சர்வரில் ஏறிவிட்டது, அட்டையில் தொங்குகிறது, மாதாமாதம் சம்பளச் சீட்டில் வருகிறது. இதிலும் வர வேண்டுமா? இது நான் எழுதுவது. இங்கே நான் பெரியவள், அவள் சின்னவள்.